காப்புப் பெட்டி

உங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, சார். கண்டென்சர் போயிருக்கும். மாற்றினால் சரியாகிவிடும், பெரிய வேலையில்லை. எதைப் பார்த்தாலும் பழுது எங்கே என்று தேடுவது என் தொழில் கொடுத்த புத்தி.

இருபது வருடம் டிவி ரிப்பேர் செய்தவன் நான். வீடியோ கேம் மெஷினை இந்த ஊருக்கு முதலில் கொண்டுவந்தவனும் நான்தான். அப்போது கம்பெனிக்காரர்கள் நம்முடையது மாதிரி நாடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றுக்குத் திண்டாடுகிறவனா இதை வாங்குவான் என்று நினைத்திருப்பார்கள். கடை முகப்பில் ஒன்றை மாட்டிவைத்தேன். ரிப்பேருக்கு வந்தவர்கள் டிவியை மறந்து விளையாடினார்கள். கறிக்கடைக்காரர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் நின்றபடியே கார் ஓட்டினார். அவர் மனைவி வந்துதான் வண்டியை நிறுத்தினாள்.

சிக்கல் கரண்டில் இருந்தது. அது ஏறி இறங்குகிற லட்சணத்தில் மெஷின்கள் ஒரே மாதத்தில் கருகின. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இரும்பு உறை போட்ட ஒரு காப்புப் பெட்டி செய்தேன். அதன் வழியாக இணைத்தால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. என் தங்கை கணவர் அப்போது வேலையில்லாமல் இருந்தார். வாய் சாமர்த்தியம் உள்ளவர். விற்பனையை அவரிடம் விட்டேன்.

பணக்கார நாடுகளைவிட நம் பக்கம்தான் விற்பனை வேகமாக ஏறுகிறது என்று கம்பெனிக்கு ஒருநாள் உறைத்தது. அதிகாரி ஒருவர் வந்தார். வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஏஜென்சி என்றார். பேச்சுவார்த்தை அன்று என் மனைவிக்கு ஆபரேஷன். மாப்பிள்ளையை அனுப்பினேன்.

"என்ன சொன்னாங்க மாப்ள?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம் மச்சான். நீங்க அக்காவப் பாத்துக்குங்க."

மூன்று வாரம் கழித்து, பெரிய சாலையில் கண்ணாடிக் கடை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பலகையில் மாப்பிள்ளை பெயர். காப்புப் பெட்டியை உருவாக்கியவர் என்று கம்பெனி விளம்பரத்தில் அவர் படம். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தங்கைக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். தினமும் ஃப்ளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அவரே என்னைத் தேடி வந்தார். "பெட்டிய மட்டும் நீங்களே செஞ்சு குடுங்க மச்சான். உங்க கைவேல யாருக்கும் வராது."

"அதுக்கென்ன மாப்ள, செஞ்சுட்டாப் போச்சு" என்றேன். என் பெருந்தன்மையைச் சொந்தபந்தமெல்லாம் மெச்சியது.

திறப்பு விழாவுக்கு நாற்பது பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியைச் சரியாக மூடாமல் விட்டேன். நாள்பட்டால் அது தளர்ந்து உறையைத் தொடும். மெஷின் புகையும், வாங்கியவர்கள் கடைமுன் நின்று கத்துவார்கள், அவர் முகத்தில் கரி பூசப்படும். என் எண்ணம் அவ்வளவுதான்.

தையல்காரர் வீட்டில் கம்பி சீக்கிரமே தளர்ந்துவிட்டது. அவர் மகளுக்கு ஒன்பது வயது. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்களாம். மாப்பிள்ளையைப் போலீஸ் கூட்டிப்போனது. தங்கை ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவரு ஒண்ணும் செய்யல. நீ வந்து சொன்னா நம்புவாங்க."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். விசாரித்தால் உண்மை தானாக வெளியே வரும், அழாதே என்றேன்.

மற்றப் பெட்டிகளையாவது திரும்ப வாங்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் என்மேல் சந்தேகம் வந்திருக்கும். பதினொரு நாள் கழித்து லாரி டிரைவர் வீட்டில் தாயும் பிள்ளையும் போனார்கள். பிள்ளையைப் பிடித்து இழுக்கப்போய்த் தாயும் மாட்டிக்கொண்டாளாம்.

நாற்பது பெட்டிகளையும் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். முப்பத்தொன்பதில் அதே பிழை, என் வீட்டில் இருந்ததில் மட்டும் இல்லை, அது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திறப்பு விழா அன்று, மாமா கொடுத்தார் என்று என் மகள் ஒரு மெஷினை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் பிளக்கைச் செருகும் முன் காப்புப் பெட்டியை வாங்கித் திறந்து, கம்பியை நன்றாக மூடிக் கொடுத்தேன். பெற்ற அப்பன் வேறென்ன செய்வான், சார்.

ஆனால் ஆள் சாகும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.