பிடித்து நிறுத்திய இழை

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அவர்களே, அறிவாலும் அன்பாலும் நிறைந்த ஆன்றோர்களே, மடியில் பிள்ளைகளை உறங்கவைத்துக்கொண்டு எனக்காக விழித்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் முகம் காட்டாமல் அமர்ந்திருக்கும் என் தங்கையே, வணக்கம்.

ஒளியையே ஆள்பவன் என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். கூனிக் குறுகிப்போனேன். கைதட்டாதீர்கள் ஐயா, இதை அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். இது அவமானம்.

எதற்கு இந்தப் பதக்கம்? தலைமுடியினும் மெல்லிய ஓர் இழை. அதன் முனையில் ஒரு பொடிப் படிகம். அந்தப் படிகம் ஒளியைத் துளித்துளியாக உமிழும். இழை ஆடினால் அந்த ஒளியின் நிறம் இம்மியளவு மாறும். ஒளி, அதை உமிழும் படிகம், இழையின் அசைவு, இம்மூன்றையும் இணைத்துவிட்டேன் என்று மார்தட்டினேன்.

சென்ற மாதம் இதே மண்டபத்தில், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் என் தங்கை எழுந்து கேட்டாள்: "அண்ணா, இழையை ஆடவிடாம பிடிச்சு வச்சுட்டு, அப்பவும் நிறம் மாறுதான்னு பாத்தீங்களா?"

நான் என்ன சொன்னேன்? "குழந்தையோட காலைக் கட்டிட்டு, ஓடுதான்னு பாக்கச் சொல்றியாம்மா?" என்றேன். மண்டபமே சிரித்தது. ஆம் ஐயா, நீங்களும்தான் சிரித்தீர்கள். சிரிக்க வைத்தவன் நான், நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? பிடித்தால் இழை முறிந்துவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முறியப்போவது என் பேர் என்று உள்மனதுக்குத் தெரியும்.

இன்று பிற்பகல், இங்கே வரப் புறப்படும்போது மனம் கேட்கவில்லை. இழையைப் பிடித்து நிறுத்தினேன். நிறம் மாறுவது நின்றதா? நிற்கவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தினேன். உடனே நின்றது. இயந்திரம் அதிர, படிகத்தின் ஒளியை வாங்கித் திருப்பும் எங்கள் கண்ணாடி நடுங்க, கண்ணாடியின் நடுக்கத்தை இழையின் நடனம் என்று ஊரெல்லாம் முழங்கியிருக்கிறேன். தவறியதற்காவது சமாதானம் சொல்லலாம். கேட்டவளைக் கேலி செய்ததற்கு என்ன சொல்வேன்? வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, பதக்கத்தை உங்கள் மேசையிலேயே வைத்துவிடுகிறேன். தங்கையே, அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே அன்று உட்கார்ந்தாயே, அத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

என்னம்மா? அவளிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.

"இழை உடையலையே, அண்ணா?"

உடையலம்மா.

"அப்ப இயந்திரத்தைத் தள்ளி வச்சுட்டு, நாளைக்கு மறுபடி பாப்போம். நானும் வரேன்."

கேட்டீர்களா, அவையோரே? இப்போது தட்டுங்கள் கைகளை. அன்று சிரித்த ஓசை அடங்கும்வரை அவளுக்காகத் தட்டுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, தலைகுனிந்தே விடைபெறுகிறேன். வணக்கம்.