வெறும் தவா

முட்டை ஒட்டாமல் வழுக்கி வந்தால் போதும், ஜனங்கள் தவாவை வாங்கிவிடுவார்கள். மேலே பூசியிருப்பது என்ன, எத்தனை மாதம் தாங்கும், எது அதற்கு ஆகாது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, மேடம். வந்ததிலிருந்து அவளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பூச்சைப் பற்றித் தெரியாமல் அவளைப் பற்றிச் சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தக் கடையின் சமையல் சாமான் தளத்தில் நான் பல வருஷமாக வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமான நான்ஸ்டிக் கம்பெனிக்கு நான். கறுப்புப் பூச்சு. எண்ணெய் விடாமல் முட்டையை உடைத்து ஊற்றி, வெந்ததும் தவாவை லேசாகச் சாய்த்தால் அது தட்டுக்குப் போய் உட்காரும். எதிர்க் கவுண்டரில் அவள். செராமிக் கம்பெனி, வெள்ளைப் பூச்சு. கடையில் எல்லோரும் அவளைப் ‘பீங்கான்’ என்றுதான் கூப்பிட்டார்கள். என்னை அவள் அக்கா என்பாள். எங்களுக்குள் அப்படியொன்றும் பெரிய வயது வித்தியாசம் கிடையாது. வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், வழுக்குவதில் என் பூச்சை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வழுக்கும். செராமிக் அப்படியில்லை. புதுசில் கண்ணாடி மாதிரி இருக்கும், சில மாதத்தில் முட்டை அடியில் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் அவள் அடிக்கடி பெட்டியிலிருந்து புதுத் தவாவை எடுத்துக்கொள்வாள், காதும் காதும் வைத்தாற்போல். இதை மேனேஜரிடம் சொன்னேன். “விக்குதுல்ல? அப்புறம் என்ன?” என்றார். கிரானைட் என்று புள்ளி புள்ளியாக ஒன்று விற்கிறார்களே, அதில் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பெரும்பாலும் என் பூச்சுதான், புள்ளி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

என் பூச்சுக்கு ஒரு குறை உண்டு. வெறும் தவாவை அடுப்பில் வைத்து மறந்துவிடக் கூடாது. ரொம்பச் சூடானால் பூச்சு கெட்டுப் புகையும். நானும் இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன், அவர்கள் பணம் கட்டிய பிறகு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கூட்டம் சேர்ந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து கை நீட்டுவாள். “அக்கா, உங்க தவாவ ஒரு நிமிஷம் குடுங்களேன்.” அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மாட்டேன் என்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன். வெறுமனே அடுப்பில் வைப்பாள். “பாருங்கம்மா, இது சூடு தாங்காது. இந்தப் புகை நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. எனக்கு இளைப்பு இருக்கு, நான் சும்மா சொல்லல.” புகை தெரிந்ததும் அணைத்துவிட்டு இருமுவாள். பாதி நடிப்பு, பாதி நிஜம். கைப்பையிலிருந்து இளைப்புக்கான பஃப் எடுத்து உறிஞ்சுவாள். ஜனங்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே வெள்ளைத் தவாவை எடுத்துக்கொண்டு போவார்கள். என் தவாவைக் கழுவிக்கூடத் தரமாட்டாள். சூட்டோடு என் பக்கம் தள்ளிவிடுவாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவள் குரல், சிரிப்பு, முட்டை ஓட்டை ஒரு கையால் உடைக்கிற அலட்டல், எதுவும் பிடிக்காது. ஆனால் முகத்தில் காட்டியதில்லை. கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நாங்கள் அக்கா தங்கை மாதிரி என்பார்கள்.

அன்று காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “இனிமே ஒரு கவுண்டர்தான்மா. அந்தப் பொண்ணு இருக்கட்டும். நீங்க இந்த மாசத்தோட முடிச்சுக்கங்க.” உட்காரக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான் என்பது அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் கோபத்தில் நான் எதையும் செய்கிறவள் இல்லை. திரும்பிவந்து அடுப்பைத் துடைத்தேன், மதியம் வரை முட்டை பொரித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் என்னிடம் வந்தாள். “அக்கா, தலைய வலிக்குது. ஸ்டாக் ரூம்ல கொஞ்சம் கண்ண மூடிட்டு வந்துடறேன். பைய பாத்துக்கங்க.” பையை என் கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். பஃப் அதில்தான் இருந்தது.

ஸ்டாக் ரூம் எங்கள் கவுண்டர்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. புதுத் தவாவைச் சூடுகாட்டிப் பழக்கிக்கொள்ள அங்கே ஒரு மின்னடுப்பு வைத்திருப்போம். கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளே போனேன். சோதித்துப் பார்க்கத்தான் போனேன். இவ்வளவு காலம் அத்தனை பேர் முன்னால் சொல்கிறாளே, அது உண்மையா என்று எனக்கும் தெரியவேண்டும் அல்லவா? பொய் என்றால் மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம், என் வேலை தப்பும். அவள் அட்டைப்பெட்டிகளை விரித்து, கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் தவா ஒன்றை அடுப்பில் வைத்தேன். எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை. குமிழை அது போகும் மட்டும் திருப்பினேன். விளக்கை அணைத்தேன். தூங்குகிறவளுக்கு வெளிச்சம் கண்ணை உறுத்துமே.

கவுண்டருக்கு வந்தபோது அந்த அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னவர்கள் அவர்கள்தானே? நல்ல மனிதர்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“ஒண்ணு கறுப்பா இருக்கு, ஒண்ணு வெள்ளையா இருக்கு, அங்க கல்லுன்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. எது நல்லதுன்னு நீங்களே உண்மைய சொல்லிடுங்கம்மா” என்றாள் தாய்.

அன்று நான் உண்மையைத்தான் சொன்னேன். அத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. முட்டை, மீன் என்று இளஞ்சூட்டில் சமைப்பவர்களுக்குக் கறுப்பு, அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டுப் போன் பேசுகிறவர்களுக்கு வெள்ளை என்றேன். மகள் சிரித்துக்கொண்டே, “அப்ப எனக்கு வெள்ளைதான்” என்றாள். நானும் சிரித்தேன்.

“உள்ள யாரோ இருமுறாங்களே” என்றாள் தாய்.

“சாமான் அடுக்கறாங்க. ஒரே தூசி.”

மரக்கரண்டிதான் போடவேண்டும், ஸ்டீல் ஆகாது என்றேன். சூட்டோடு குழாயடியில் காட்டக் கூடாது என்றேன்.

“தட்டுற சத்தமும் கேக்குது பாருங்க.”

“ஆமாம்மா, இன்னிக்குப் பெட்டி நிறைய வந்திருக்கு.”

வெள்ளைத் தவாவில் இரண்டு அளவு எடுத்தார்கள். கீறல் விழாமல் இருக்க நடுவில் துணி வைத்துக் கட்டிக்கொடுத்தேன். என் போட்டிக் கம்பெனி சரக்கு, எனக்கு அதில் ஒரு காசு வராது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் வரை கூடப் போய் அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோது உள்ளே சத்தம் இல்லை.

பிறகுதான் உள்ளே போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பை அணைத்தேன், அவளை வெளியே இழுத்தேன், கத்தினேன். கடையே ஓடிவந்தது. ஆஸ்பத்திரியில் பிழைக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் அவளே அடுப்பைப் போட்டுவிட்டிருப்பாள் என்றார் மேனேஜர். பாவம், எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நான் அவளைக் காப்பாற்றப் போராடியதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் அவளுடைய அம்மா. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளச் சொன்னதை அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை, மேடம். என் சோதனையில் தெரிந்தது அதுதான். இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் நிலைக்கட்டும் என்றுதான்.

தாழ்ப்பாளைக் கேட்கிறீர்கள். வெளியிலிருந்து போட்டது நான்தான். அந்தக் கதவு சரியாகப் பொருந்தாது, தானாகத் திறந்துகொள்ளும். திறந்திருந்தால் அத்தனை புகையும் தளத்துக்கு வந்திருக்கும். அங்கே ஜனங்கள் இருந்தார்கள், மேடம். என்னை நம்பி வந்து நிற்கிறவர்கள்.