உக்கிரபாண்டி மகன்

கனகா: நாளைக்குக் காலேஜ் வாலிபால் ஃபைனலுக்கு அழகுபாண்டி வேணாம், மருது போதும்... அப்பருந்து இதையேதான் சொல்றீங்க. ஏன்னு கேட்டா பதிலக் காணோம்.

பாண்டியராஜன்: சொன்னேன்ல. அவன் பேச்சுக் கேக்க மாட்டேங்குறான்.

கனகா: யாரு, அழகுபாண்டியா? உங்க முன்னாடி உக்காரக்கூட மாட்டானே அந்தப் புள்ள!

பாண்டியராஜன்: ஆட்டத்துல சொல்றேன். ஆறு பேர்ல பந்தத் தூக்கிக் குடுக்குற செட்டர் ஒருத்தன்தான். அவன் கோச் சொல்றதக் கேக்க வேணாமா? இடது பக்கம் தூக்குடான்னு கத்துறேன், வலது பக்கம் தூக்குறான்.

கனகா: தூக்கி?

பாண்டியராஜன்: என்ன தூக்கி?

கனகா: பாயிண்டு வந்துச்சா, வரலையா?

பாண்டியராஜன்: ...வந்துச்சு. அது வேற.

கனகா: அது எப்படிங்க வேற? செமி ஃபைனல் பாக்க நானும்தான் நேத்து ஒத்தக்கடைக்கு வந்தேன். எதுத்தாப்ல நின்ன ஒசரமான பயலுக ரெண்டு பேரும் அங்கிட்டுத் தாவுறாங்க, இவன் பந்த இங்கிட்டுத் தூக்குறான். அடிக்கிறவனுக்கு முன்னாடி ஈ காக்கா இல்ல. எதிராளி தாவுற பக்கம் தூக்காதீங்கடான்னு பயலுகளுக்குப் பாடம் எடுத்தது நீங்கதான?

பாண்டியராஜன்: நீ எப்பருந்து வாலிபால் கோச் ஆன?

கனகா: இத்தன வருசம் உங்களோட குப்பை கொட்டுனா, சொவத்துக்குக்கூட ஆட்டம் புரிஞ்சிரும்.

பாண்டியராஜன்: மருதுவும் நல்லாத்தான் தூக்குறான். பெஞ்சுலயே உக்காந்து தேயுறான் பாவம். அவனுக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?

கனகா: வேணும். லீக் மேட்ச்சுல குடுத்துருக்கலாம். ஃபைனலுக்கு மொத நாளுதான் ஞானம் வந்துச்சாக்கும்?

பாண்டியராஜன்: குழம்பு அடிப்பிடிக்குது பாரு.

கனகா: அடுப்ப அமத்தி எம்புட்டு நேரமாச்சு! பேச்ச மாத்தாதீங்க. நேத்துலருந்தே உங்க மூஞ்சி சரியில்ல. ஜெயிச்ச டீமு கோச் மாதிரியா வண்டி ஓட்டுனீங்க? அவனியாபுரத்துல வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

பாண்டியராஜன்: டிராஃபிக்கு.

கனகா: டிராஃபிக்கா... உக்கிரபாண்டியா?

பாண்டியராஜன்: இப்ப எதுக்கு அவன் பேரு?

கனகா: அழகுபாண்டியோட அப்பா பேரு அதுதானங்க? வேற எதாவது பேரு வச்சுக் கூப்புடவா?

பாண்டியராஜன்: நீ அந்தப் பேரச் சொல்லும்போதே ஒரு...

கனகா: ஒரு?

பாண்டியராஜன்: ஒண்ணுமில்ல.

கனகா: இழுக்காம சொல்லுங்க.

பாண்டியராஜன்: "கனகா, நல்லாருக்கியா"ங்கிறான். நேத்து மேட்ச் முடிஞ்சதும், அம்புட்டுக் கூட்டத்துல! கனகாவாம். ஒரு "என்னங்க", ஒரு "தங்கச்சி"... எதாச்சும் போட்டுப் பேசுனா வாய் வெந்துருமா?

கனகா: எனக்கு வச்ச பேரு அதுதானங்க.

பாண்டியராஜன்: நீ சிரிச்ச.

கனகா: நல்லாருக்கியான்னு கேட்டா அழுகவா முடியும்?

பாண்டியராஜன்: விழுந்து விழுந்து சிரிச்ச. பந்தெல்லாம் பைல போட்டுக்கிட்டே பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்படி என்ன சொன்னான்?

கனகா: எத்தன பல்லு தெரிஞ்சுச்சுன்னும் எண்ணுனீங்களா?

பாண்டியராஜன்: அவன் உன்னப் பொண்ணு பாக்க வந்தவன்டி!

கனகா: வந்தாரு, கேசரி தின்னாரு, போனாரு. எங்கப்பா ஜாதகம் சேரலன்னுட்டாரு. பொறகு நீங்க வந்தீங்க. நீங்களும் கேசரிதான் தின்னீங்க. ரெண்டு தட்டு.

பாண்டியராஜன்: சிரிக்காத. நான் ரெண்டாவதா வந்தவன்.

கனகா: எதுல?

பாண்டியராஜன்: எல்லாத்துலயும். இதே காலேஜ்ல அவன் செட்டர், நான் பெஞ்சு. மூணு வருசம். அவனுக்குக் காலு பெசகுனாத்தான் எனக்கு ஆட்டம். கடங்காரனுக்குக் காலு பெசகவே இல்ல. உங்க வீட்டுக்கும் அவன்தான் மொதல்ல வந்தான். இப்ப இந்தப் பய... சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி தலையச் சாச்சு ஒரு பார்வ பாப்பான், கவனிச்சியா? அப்படியே அவங்கப்பன். பெஞ்சுல உக்காந்து நான் பாத்துப் பாத்து வெந்த தலை அது.

கனகா: அதுக்கு அந்தப் புள்ள என்ன செய்யும்? தலையக் கழட்டியா வைக்கும்?

பாண்டியராஜன்: நாளைக்கு உக்கிரபாண்டி மொத வரிசைல வந்து உக்காருவான். எம்மகன், எம்மகன்னு மீசையத் தடவுவான். ஒரு நாளு... ஒரே ஒரு நாளு, மகன் பெஞ்சுல உக்காந்தா எப்படி இருக்கும்னு அவன் பாக்கட்டுமே!

கனகா: ...அப்ப, பேச்சுக் கேக்க மாட்டேங்குறான்னு சொன்னதெல்லாம் சும்மாதான்! சரி விடுங்க. இன்னும் பையன்கிட்ட சொல்லலைல?

பாண்டியராஜன்: சொல்லிட்டேன்.

கனகா: எப்ப?

பாண்டியராஜன்: காலைல. பிராக்டிஸ்ல. ரெண்டு பேத்தையும் நிறுத்தி வச்சே சொன்னேன்.

கனகா: அடப்பாவி மனுசா! என்ன சொன்னான்?

பாண்டியராஜன்: "சரி சார்."

கனகா: அம்புட்டுதானா?

பாண்டியராஜன்: அம்புட்டுதான். ஏன் சார்னு ஒரு வார்த்த கேட்டிருந்தான்னா கத்தித் தீத்திருப்பேன். கேக்கலயே. நேரா மருதுகிட்ட போறான். யாருக்கு எம்புட்டு ஒசரம் தூக்கணும், யாருக்கு வெரசாக் குடுக்கணும்னு சொல்லிக் குடுக்குறான். உக்கிரபாண்டி எனக்கு ஒரு நாளும் சொல்லிக் குடுத்ததில்ல... நானும் போய்க் கேட்டதில்ல.

கனகா: போன் அடிக்குது பாருங்க.

பாண்டியராஜன்: மருதுதான்... சொல்றா.

மருது: சார், சாப்ட்டீங்களா சார்? ஒண்ணுமில்ல... நாளைக்கு எங்க ஊர்லருந்து வேன் புடிச்சு வாராங்க சார். அம்புட்டுப் பேத்தையும் உள்ள விடுவாங்கள்ல?

பாண்டியராஜன்: விடுவாங்கடா.

மருது: அம்மாவும் வருது சார். நான் ஆடி அது பாத்ததே இல்ல. அலங்காநல்லூர் பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது... சார்? லைன்ல இருக்கீங்களா?

பாண்டியராஜன்: இருக்கேன். செத்த நேரத்துல நானே கூப்புடுறேன்டா.

கனகா: எனக்கும் கேட்டுச்சு.

பாண்டியராஜன்: இப்ப என்ன செய்யச் சொல்ற?

கனகா: நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அழகுபாண்டி யாரோ ஒருத்தர் மகன். அவரு யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அப்ப, நாளைக்கு யாரு எறங்குவா?

பாண்டியராஜன்: அழகுதான். அதுல என்ன சந்தேகம்? அப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல. அவங்கப்பனுக்கும் அந்தக் கை கெடையாது. மருது கெட்டிதான்... ஆனா நாளைக்குப் பந்து நழுவுச்சுன்னா அந்த வேன்ல வார ஊர்க்காரங்க முன்னாடி நழுவும். எவன் மேலயோ இருக்குற கோவத்துக்கு இவனப் புடிச்சு முன்னாடி நிறுத்துறேன்.

கனகா: அப்பக் கூப்புடுங்க.

பாண்டியராஜன்: யார?

கனகா: யார்கிட்ட பேசுறது கஷ்டமோ, அவன மொதல்ல.

பாண்டியராஜன்: ...மருது, நான்தான். நாளைக்கு அழகுபாண்டிதான்டா எறங்குறான்.

மருது: ...நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?

பாண்டியராஜன்: நீ செய்யல. தப்பு எம்மேல. காலைல நான் சொன்னது ஆட்டத்தப் பாத்துச் சொன்னது இல்ல. எனக்கு வேற ஒரு ஆளு மேல இருந்த எரிச்சல். அதுக்கு உன்ன இழுத்துட்டேன்.

மருது: எப்பப் பாத்தாலும் அவன்தான் சார். அவன் தும்முனாக்கூடக் கை தட்டுறாங்க. அவனுக்கு முன்னாடி நான் வாரேன், அவனுக்குப் பின்னாடி நான் போறேன். ஒருத்தன் கண்ணுலயும் நான் பட மாட்டேங்குறேன். இன்னைக்குச் சொல்லிக் குடுத்தான்ல... அதுகூட எனக்குப் பத்திக்கிட்டுத்தான் சார் வந்துச்சு.

பாண்டியராஜன்: வரும்டா. எனக்குத் தெரியும்.

மருது: உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

பாண்டியராஜன்: அதே பெஞ்சுல மூணு வருசம் உக்காந்தவன்டா நான். அன்னைக்கு எங்க கோச் உள்ளத உள்ளபடி எங்கிட்ட சொல்லல. அதனாலதான் இப்ப உங்கிட்ட சொல்றேன். எறக்குவேன்னு வாக்குக் குடுக்க மாட்டேன். தேவப்பட்டா யோசிக்காமக் கூப்புடுவேன்.

மருது: ...வேன வர வேணாம்னு சொல்லிரவா சார்?

பாண்டியராஜன்: அது உன் இஷ்டம்டா.

மருது: ...வரட்டும் சார். அம்மா நல்ல சேலைய எடுத்து வச்சிருச்சு. வைக்கிறேன் சார்.

கனகா: அழுகுறானா?

பாண்டியராஜன்: காட்டிக்கல... திங்கக்கெழமைலருந்து கிரவுண்டுல அவனோட தனியா நின்னு பழக்கணும். இத்தன நாளு நின்னிருக்கணும்.

கனகா: சரி, இன்னொருத்தனையும் கூப்புடுங்க.

பாண்டியராஜன்: அழகு... சார் பேசுறேன். நாளைக்கு நீதான் எறங்குற... ஆமாடா, நீதான்... மருதுகிட்ட பேசிட்டேன்... ஏன்னு கேக்க மாட்டியாடா நீ? ...சரி சரி, வை.

கனகா: என்னவாம்?

பாண்டியராஜன்: இதுக்கும் "சரி சார்"தான். என்ன பெறவியோ! ...நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. இப்பவாச்சும் சொல்லு. நேத்து அவன் என்ன சொன்னான்? நீ எதுக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்ச?

கனகா: உங்க மகன் பிரமாதமா ஆடுறான்னேன். மனுசனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "என்னத்த எம்மகன்... வீட்டுல எந்நேரமும் பாண்டியராஜன் சார் இப்படிச் சொன்னாரு, அப்படிச் சொன்னாருன்னுதான் பேச்சு. நானும் செட்டர்தான்டா, நாலு வெவரம் சொல்லித் தாரேன்னா, சும்மா இருங்கப்பா, எங்க சார் ஆட்டம் உங்களுக்குத் தெரியாதுங்கிறான். பெத்தது நானு, புள்ள உன் புருசனுக்கு... வயிறு எரியுது கனகா"ன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சேன். நீங்க போன் போடுறதுக்கு முன்னாடியே இதச் சொல்லியிருந்தா, ஆட்டத்தப் பாத்து அழகுபாண்டிய எறக்கியிருக்க மாட்டீங்க... அந்த மனுசன் வயிறு இன்னும் நல்லா எரியட்டும்னே எறக்கி விட்டிருப்பீங்க. அதான் சொல்லல.