கடைசி அட்டைக்குப் பிறகும் ஐந்து நிமிடம்

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் பேச்சுத்திறன் தேர்வு மையத்தின் மூன்றாம் அறையில் அமர்ந்து, பள்ளியில் சேர வரும் மழலை முதல் வேலைப் பயிற்சிக்கு வரும் வாலிபர் வரை வாய் திறக்கும் வேளைக்காகப் பொறுமையோடு காத்திருந்து, இன்று பணி நிறைவு பெறும் மூத்த தேர்வாளரே! பேசியவர் சொல்லையும் பேசாதவர் மௌனத்தையும் ஒரே அக்கறையோடு கேட்ட செவிக்குச் சொந்தக்காரரே! நாங்கள் வாய் நிறைய அழைக்கும் அக்காவே! வணக்கம்.

மின்விசிறி ஓடினால் ஒலிப்பதிவில் இரைச்சல் விழும் என்று விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கோடையிலும் அந்தச் சின்ன அறையில் வியர்வையோடு வீற்றிருந்தீர்கள். பன்னிரண்டு பட அட்டைகள், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ரெக்கார்டர், ஒரு மதிப்பெண் தாள். எல்லாப் பிள்ளைக்கும் அதே கேள்வி, அதே சொற்கள், அதே பத்து நொடி. நீங்கள் 'சபாஷ்' என்று சொன்னதில்லை. 'தப்பு' என்றும் சொன்னதில்லை. "சரி, அடுத்தது" என்ற இரண்டே சொற்களை இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும் என்று உங்களிடம்தான் கண்டோம்.

கண்டிப்பிலும் குறை வைக்கவில்லை. சத்தம் பதிவாகிறது என்று எங்களில் பாதிப் பேரின் வளையல்களைக் கழற்ற வைத்தீர்கள். "ஏம்ப்பா, உன் தும்மலுக்கு நான் எத்தனை மார்க் போடுறது?" என்று நீங்கள் கேட்ட நாளிலிருந்து நம் எழுத்தர் தும்மல் வந்தால் தெருவுக்கே ஓடிவிடுகிறார். மனப்பாடம் செய்து வந்த ஓர் இளைஞர் உங்கள் ஒருவர் முன்னால் எழுந்து நின்று, "அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே!" என்று முழங்கினார். ஸ்டாப்வாட்சை அழுத்தாமல், "கூட்டம் இன்னும் சேரல தம்பி. தண்ணி குடிச்சிட்டு எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். பிறகு பேசினார்.

இவற்றையெல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாத மடல், உங்களைப் பற்றிய மடல் ஆகாது.

தையல் வேலை செய்யும் தாய் ஒருவர் தம் ஏழு வயது மகளையும் அவள் தங்கையையும் அழைத்து வந்தார். பன்னிரண்டு அட்டைகளைக் காட்டினீர்கள். பன்னிரண்டுக்கும் மூத்தவள் வாய் திறக்கவில்லை. விதிப்படி பன்னிரண்டு சுழியம் போட்டீர்கள். அந்த மதிப்பெண்ணோடு வழக்கமான வகுப்பில் இடமில்லை. பேச்சு வராத பிள்ளைகளுக்கான தனி வகுப்புதான். தாயிடம் சீட்டைக் கொடுக்க வராந்தாவுக்குப் போனபோது, இத்தனை ஆண்டில் ஒருநாளும் மறக்காத நீங்கள், ரெக்கார்டரை நிறுத்த மறந்தீர்கள்.

மறுநாள் பதிவைக் கேட்டு எழுதும்போது அது எங்கள் காதில் விழுந்தது. வராந்தாவில் இருந்த தங்கை அறைக்குள் நுழைந்திருக்கிறாள். அக்காள்காரி உங்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு தேர்வு நடத்துகிறாள்.

"இது என்ன, சொல்லு. பத்து எண்றதுக்குள்ள சொல்லணும். வாயத் திறடி, தூங்குமூஞ்சி!"

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அட்டையே அவங்களோடது. அவங்களுக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியாது. இங்க பாரு, இந்த அம்மா துணி காயப்போடுறாங்க. மழை வருது, அவங்க பாக்கல. நாய் பாத்துடுச்சு. ஆனா அது சொல்லாது."

பன்னிரண்டு அட்டைக்கும் பன்னிரண்டு கதை.

கடைசி அட்டைக்குப் பிறகு பதிவானதை அழித்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. அப்போதிருந்த மேலாளரும் உங்கள் நன்மைக்காகவே சொன்னார்: "அழிச்சிடுங்கம்மா. நிறுத்த மறந்தது உங்க தலையிலதான் விடியும்."

"மறந்தது நான்தான் சார், எழுதியே குடுத்துடறேன். ஆனா சைபர் போட்டதும் நான்தானே?"

எழுதிக் கொடுத்தீர்கள். விளக்கம் கேட்டார்கள், பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. இருந்தும் அந்தத் தாளில் ஓர் எண்ணைக்கூட நீங்கள் திருத்தவில்லை. "இவளுக்கு மட்டும் மாத்தினா, நான் இதுக்கு முன்னாடி சைபர் போட்ட பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றீர்கள். மறுதேர்வு வேண்டும், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்று நான்கு மாதம் கடிதம் மேல் கடிதம் எழுதினீர்கள். திங்கட்கிழமைதோறும் அந்தத் தாய் வாசலில் நிற்பார். "வந்துதாம்மா?" "இன்னும் வரலம்மா." அதைச் சொல்ல எங்களில் யாரையும் அனுப்பாமல், ஒவ்வொரு முறையும் நீங்களே படியிறங்கிப் போனீர்கள்.

சேர்க்கை முடிய இரண்டு நாள் இருக்கையில் அனுமதி வந்தது. வேறு அட்டைகள், அதே கேள்விகள், அதே பத்து நொடி. ஒன்றே ஒன்று புதிது: அட்டையில் என்ன படம் என்று தெரியாத தங்கை, கதை கேட்க எதிர் நாற்காலியில். நாற்பத்தெட்டுக்கு இருபத்தைந்து வேண்டும். அந்தச் சிறுமி முப்பத்தொன்று எடுத்தாள். இன்று ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று ஆசிரியர் குறைப்படுவதாக அந்தத் தாய் பெருமையோடு சொல்லிப் போகிறார்.

அன்றிலிருந்து இந்த மையத்தில் கடைசி அட்டைக்குப் பிறகும் ஐந்து நிமிடம் ரெக்கார்டர் ஓடுகிறது. பேசாத பிள்ளை அதில் பேசினால் மறுதேர்வு உண்டு. இதுவரை நாற்பத்து மூன்று பிள்ளைகள் அந்த ஐந்து நிமிடத்தால் வழக்கமான வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்.

அக்கா! இனி உங்கள் வீட்டில் விசிறி முழு வேகத்தில் சுழலட்டும்! சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கட்டும்! உடல் நோவின்றி, உள்ளம் சோர்வின்றி, நேரம் பார்க்கத் தேவையில்லாத நீண்ட நாள்கள் நெடுங்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும்!

விழா மேடை என்றால் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 'நன்றி' என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால்தான் மூன்றாம் அறை ரெக்கார்டரை இந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். மடல் இதோடு முடிகிறது. விசிறியை நிறுத்திவிட்டோம், வளையல்களையும் கழற்றிவிட்டோம். இன்னும் ஐந்து நிமிடம் ஓடும், அக்கா.

காத்திருக்கும்,
எழுத்தர், வாசலில் எண் அழைப்பவர், பதிவைக் கேட்டு எழுதுபவர், மற்ற அறைகளின் தேர்வாளர்கள்