சூடு போகும் இடம்

அக்ரிலிக் குழாயை அறுக்கும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. அவசரப்பட்டால் ஓரம் உருகும், விரிசல் விழும். சில குழாய்களைப் பாழாக்கிய பிறகுதான் எனக்கு இது புத்தியில் ஏறியது. கடைசியில் ஒன்றை ஒழுங்காக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மூடியை ஒட்டி நிமிர்ந்தபோது என் விரல்களும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. லூக்கே ஊரில் கம்ப்யூட்டரோடு கைகோத்து நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அது கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் நீர்த்தொட்டி. கடையிலேயே கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கியதை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? தொட்டித் தண்ணீரைப் பம்பு தள்ளும். தண்ணீர் இயந்திரத்தின் சூட்டைச் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்றாடி அந்தச் சூட்டை வெளியே ஊதும். இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். பனி கொட்டும் நாடுகளில் லாரி ஓட்டும் ஒரு விளையாட்டுக்காக. நிஜத்தில் எனக்குச் சைக்கிள்கூட நேராக ஓட்ட வராது.

என் மனைவி நில்சா ஸ்பெயினில் இருக்கிறாள். அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவள் வேலை. இங்கே அவளுடைய அப்பா தோன் செர்வியானோவை நான் பார்த்துக்கொண்டேன். பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. என் பட்டறைக்கு அடுத்த அறையில்தான் படுத்திருந்தார்.

"என்ன மாப்பிள்ள, டப்பாவுல தண்ணி நிக்குதா, இல்ல ஒழுகுதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"ஒழுகல மாமா."

"நேத்தும் இதத்தான் சொன்ன. அப்புறம் பக்கத்து வீட்டு நாய் வந்து நக்கிட்டுப் போச்சு."

உண்மைதான். நாய் இரண்டாம் முறையும் வந்தது.

ஜனவரிக் கோடையில் தொட்டித் தண்ணீரே சுட ஆரம்பித்தது. மாமாவின் தெரெரேவுக்காகத் தினமும் ஐஸ் வாங்கி வைப்பேன். மாத்தே இலைமேல் ஐஸ் தண்ணீர் ஊற்றி உறிஞ்சாமல் எங்கள் ஊரில் யாருக்கும் மதியம் கழியாது. அந்த ஐஸை வாளியில் கொட்டி, தொட்டியை அதில் உட்காரவைத்தேன். மாமாவுக்குக் குழாய்த் தண்ணீர்.

"இது தெரெரே இல்ல மாப்பிள்ள, சூப்பு" என்றார். ஆனாலும் குடித்தார்.

அடுத்தது ரேடியேட்டர். அது ஊதிய அனலில் பட்டறைக்குள் உட்கார முடியவில்லை. சூட்டை அழிக்க முடியாது, ஐயா, இடம் மாற்றத்தான் முடியும். சுவரில் துளை போட்டு, ரேடியேட்டரை மாமாவின் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். மட்டம் பார்த்து மாட்டினேன். வாழ்க்கையில் நான் கோணாமல் மாட்டிய ஒரே பொருள் அதுதான்.

"இது என்ன மாப்பிள்ள?"

"காத்தாடி மாமா."

"நரகத்துலேருந்து இறக்குமதியா?"

அவர் அறையில் நில்சா வாங்கிக்கொடுத்த ஏசி இருந்தது. அதுவும் என் இயந்திரமும் சேர்ந்து ஓடினால் வீட்டில் கரண்ட் போய்விடும், லாரி பாதி மலையில் நின்றுவிடும். அதனால் ஏசியை அணைத்தேன். தூசி ரேடியேட்டருக்கு ஆகாது என்பதால் ஜன்னலையும் சாத்தினேன். அடைத்த அறைக்குள் ரேடியேட்டரை வைத்தவனைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று மதியம் நில்சா கூப்பிட்டாள்.

"அப்பாகிட்ட போனக் குடு."

"தூங்குறார்."

"இந்த வெயில்லயா?"

"ஏசி ஓடுது நில்சா."

"நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். எனக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது.

ரேடியேட்டருக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்க ஒரு சின்னக் கருவி பொருத்தியிருந்தேன். அதனால் திரையின் மூலையில் எப்போதும் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று தண்ணீரின் சூடு. மற்றது மாமாவின் அறை. தண்ணீர் ஐஸில் நிம்மதியாக இருந்தது. மற்ற எண் ஏறிக்கொண்டே போனது.

மாமா "மாப்பிள்ள" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து "எலிஹியோ" என்றார். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். மலைப்பாதை, இரண்டு பக்கமும் பனி. கவனம் சிதறக் கூடாது.

மருத்துவர் வெயில் என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வெயில் வெளியேதான் இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஏசியின் சுவிட்ச் கை எட்டும் தூரத்தில் இருந்ததும் தெரியும். அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இயந்திரத்தைச் சாட்சியாக எடுத்துப்போகப் போகிறீர்களாமே. நிமிர்த்தியே தூக்கச் சொல்லுங்கள். போகிற வழியில் தெரெரே குடிக்க உங்கள் ஆட்கள் வண்டியை எங்காவது நிறுத்துவார்கள். நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. பாவம், அது சூடு தாங்காது.