நிரூபன்ர நெஞ்சுப் படம்

இல்ல மிஸ், கையெழுத்துப் போடமாட்டன் எண்டு நான் சொல்லேல்ல. போடுறன். கொஞ்சம் பொறுங்கோ எண்டுதான் சொன்னனான். நீங்கள் முதல் அந்தக் கதிரைய நிழலுக்க இழுத்துப் போட்டுட்டு வடிவா இருங்கோ. கொழும்பிலயிருந்து இந்த அடம்பன் கிராமம் வரைக்கும் வந்திட்டு ஒரு தேத்தண்ணி குடியாமல் போகேலுமே? அண்ணி குசினிக்க ஊத்திறா. சீனி போடலாமோ? சரி. அண்ணி, மிஸ்ஸுக்குச் சீனி குறைவாம்!

ஓம், வாசிச்சனான். ரெண்டுதரம் வாசிச்சனான். என்ர அண்ணை நிரூபன், நாப்பத்திநாலு வயசு, கமக்காரன். கொழும்பில நெஞ்சுக்கு ஸ்கான் எடுத்த இடத்தில கொம்பியூட்டர் படத்தைப் பாத்து ஒரு குறையுமில்லையெண்டு சொல்லிச்சு. அத நம்பி வயலுக்க இறங்கினவர் நாப்பதாம் நாள் செத்துப்போனார். கொம்பியூட்டர் பிழையாச் சொன்னபடியாத்தான் செத்தவர் எண்டு தம்பி அகிலன், நான், சாட்சி சொல்லுறன். அதுதானே உந்தக் கடதாசி? நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்.

உங்கட வேலையும் விசித்திரமான வேலைதான் மிஸ். ஆக்களை இருத்தி வச்சு விசாரிக்கிறத நான் கண்டிருக்கிறன். கொம்பியூட்டரை விசாரிக்கிறத இப்பதான் காணுறன். அடிச்சுக் கேட்டாலும் அது அழாது பாருங்கோ. கோவியாதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான். ஒரு மாசத்துக்கு மேலயா இந்த வீட்டில ஒருத்தரும் பகிடி விடேல்ல.

விளங்குது, விளங்குது. ஆயிரக்கணக்கான ஆக்கள்ர நெஞ்சுப் படத்தைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கினது. எல்லாம் வெளிநாட்டு நெஞ்சுகள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறவன்ர நெஞ்சு அதுக்குப் புதுசு, அதால பிழை விட்டிருக்கும் எண்டு நினைக்கிறியள். இருக்கலாம். புத்தகத்தில நெல்லைப் பாத்திட்டு எங்களுக்குப் புத்தி சொல்லவாற அரசாங்கக் கந்தோர் ஆக்கள் மாதிரி. அப்பிடி நடக்கக்கூடாதெண்டு இல்ல. ஆனா அண்டைக்கு என்ன நடந்ததெண்டு வேற கதை. சொல்லுறன், அவசரப்படாதேங்கோ.

துவங்கினது வாய்க்கால் துப்பரவாக்கேக்க. தண்ணி திறக்க முதல் எல்லாரும் சேந்து புல்லு வெட்டினனாங்கள். அண்ணை மண்வெட்டியைப் போட்டுட்டு அப்பிடியே வரம்பில குந்திட்டார். தலை சுத்துதாம், நெஞ்சுக்க ஏதோ துடிக்குதாம். மன்னாருக்குக் கொண்டோடினம். அங்க டொக்ரர் குழல் வச்சுப் பாத்திட்டு, நெஞ்சில ஒரு சத்தம் கேக்குது, இதயச் சுவர் தடிச்சிருக்கோ எண்டு சந்தேகமாக் கிடக்கு, கொழும்பில அந்தப் பெரிய ஸ்கானை எடுத்தாத்தான் வடிவாத் தெரியும் எண்டு கடிதம் தந்தவர். அதுவரைக்கும் பாரம் தூக்கப்படாது. காலபோகம் துவங்கிற நேரம் மிஸ். ஊரெல்லாம் உழுது விதைக்கேக்க, கமக்காரனை வரம்பில இருந்து பாத்துக்கொண்டிரு எண்டு சொன்னா இருப்பானே? பல்லைக் கடிச்சுக்கொண்டு ரெண்டு கிழமை இருந்தார். பேந்து திகதி வந்திது. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்.

அது ஒரு குழாய் மிஸ். உங்களுக்குத் தெரியாததே? ஆளைக் கிடத்தி நெஞ்சில பாரமான தட்டொண்டைக் கட்டி உள்ளுக்குத் தள்ளுவினம். மூக்குக்கு மேல நாலு விரல் இடமில்ல. தகரத்தில ஆரோ சுத்தியலால அடிக்கிற சத்தம். காதுக்க ஒரு குரல் வரும், மூச்சை இழுங்கோ, விடுங்கோ, இப்ப பிடிச்சுக்கொண்டிருங்கோ எண்டு. விடலாம் எண்டு சொல்லுமட்டும் உயிரைக் கையில பிடிச்சமாதிரித்தான். கால் ரெண்டும் குளிரில விறைச்சுப்போம், மூடுற சீலை பாதம் வரைக்கும் வராது.

ஆ? எனக்கெப்பிடித் தெரியுமோ? அண்ணை சொன்னவர். பஸ்சில வரேக்க சொன்னவர்.

படத்தை வாசிச்ச டொக்ரர் அன்ரோனெற் இருக்கிறாவெல்லே, எங்கட மன்னார்ப் பக்கத்துப் பேசாலைப் பிள்ளை. தமிழ்க்குரல் கேட்டவுடன எங்களுக்கு அரைவாசி வருத்தம் மாறிட்டுது. எங்களை உள்ள கூப்பிட்டுத் திரையைக் காட்டினவ. நெஞ்சுச் சுவரைச் சுத்திக் கொம்பியூட்டர் பச்சைக்கோடு கீறி வச்சிருந்தது. சுவர் ஒன்பது மில்லிமீற்றர், ரத்தத்தைத் தள்ளுற பலமும் திறம் எண்டு எழுதியிருந்தது. இது நீங்கள் பாத்ததோ, அது பாத்ததோ எண்டு நான் கேட்டனான். முதல் அது பாக்கும், பிறகு நான் என்ர கையால இன்னொருக்கா அளப்பன், ரெண்டும் ஒத்துவந்தாத்தான் கையெழுத்து வைப்பன் எண்டு சொன்னவ. அது உங்கட கடதாசியில இல்லையே மிஸ்? கொம்பியூட்டர் சொன்னதை அப்பிடியே நம்பிக் கையெழுத்துப் போட்டவ எண்டெல்லே கிடக்கு. அவ அளந்தவ. என்ர கண் முன்னால திருப்பி அளந்து காட்டினவ. அவவை வேலைக்கு வரவேண்டாமெண்டு வீட்டில இருத்திப்போட்டினம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ? ம்ம்.

அதோட அவ விட்டவவும் இல்ல. மன்னார் டொக்ரர்ர கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தவ. குழலை எடுத்து நெஞ்சில வச்சுக் கேட்டவ. கடிதத்தில சத்தம் இருக்கெண்டு கிடக்கு, எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்ல, படமும் நல்லாக் கிடக்கு, எங்கயோ ஒரு பிழை இருக்கு, ஒரு மாசத்தால இன்னொருக்கா வாங்கோ எண்டவ. நான் என்ன சொன்னனான் தெரியுமே? உங்கட மெசினை நீங்களே நம்பாட்டி நாங்கள் எப்பிடி நம்பிறது எண்டு கேட்டன். எவ்வளவு கொழுப்பு பாருங்கோ எனக்கு. அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப் போச்சு. மீள்பரிசோதனை எண்டு கீழ எழுதித் தந்தவ. நாங்கள் போகேல்ல. நான்தான் மறிச்சனான்.

அந்தக் கடதாசிய அண்ணி சாமிப்படத்துக்குப் பின்னால வச்சுக் கற்பூரம் கொளுத்தினவ. அண்ணை முதல் ரெண்டு மூண்டு நாள் அதைக் கையால தொடேல்ல. பேந்து பேந்து எடுத்து வாசிக்கத் துவங்கினார். வாறவை போறவைக்கும் காட்டினார். பேரைப் போட்டு, சீல் குத்தி, இவருக்கு ஒண்டுமில்ல எண்டு எழுதிக் கிடந்தா மனுசன் நம்பாமல் என்ன செய்வான்? வயலுக்க இறங்கிட்டார். பசளை எறியிற நாளில மூண்டாவது யூரியா மூட்டையை வரம்பால கொண்டுபோகேக்க குப்புற விழுந்தார். கணுக்கால் அளவு தண்ணி. நான் ஓடிப்போய்ப் பிரட்டேக்க கண் திறந்தபடி. அண்ணை அண்ணை எண்டு கத்தினன். அவர் போயிட்டார் மிஸ். என்ர மடியிலதான் கிடந்தவர். அந்தச் சேறு என்ர நகத்துக்க இருந்து போக எத்தினை நாள் செண்டது தெரியுமே.

போஸ்ட்மோட்டத்தில சுவர் இருபத்திரண்டு மில்லிமீற்றர். நாப்பது நாளில ஒன்பது இருபத்திரண்டு ஆகாது, ஆனபடியா ஒன்பதுதான் பிழை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறியள். ஆரும் அப்பிடித்தான் நினைப்பினம்.

என்ன, யதுவோ? அண்ணைக்கு ஒரே பிள்ளை மிஸ், யதுர்சிகா. பதினஞ்சு வயசு. இப்ப ரியூசனுக்குப் போயிட்டாள். ஓம், இந்த நெஞ்சு வருத்தம் தகப்பனுக்கு இருந்தாப் பிள்ளைக்கும் வரலாம் எண்டு மன்னார் டொக்ரரும் சொன்னவர். அவளுக்கும் உந்தப் படம் எடுக்கோணுமாம். வாற வெள்ளிக்கிழமைக்குத் திகதி தந்திருக்கு. அண்ணி ஏலாதெண்டிட்டா. என்ர புருசனை விழுங்கின மெசினுக்க என்ர பிள்ளையைக் கொண்டுபோய் வைக்கமாட்டன் எண்டு ஒரே பிடி. குழந்தைப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிப் பாத்தம். அவ சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. அந்த மெசின் பொய் சொல்லும் எண்டுதானே அரசாங்கமே ஆளனுப்பி எழுதுது? நான் இதில கையெழுத்துப் போட்டாப் பேந்து அண்ணியை அசைக்கேலாது.

போன செவ்வாய்க்கிழமை யது பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடேக்க தலை சுத்தி இருந்திட்டாள். வெயிலுக்கெண்டு ரீச்சர் சொன்னவ. தகப்பனுக்கும் முதல் வெயில் எண்டுதான் நாங்கள் சொன்னனாங்கள். அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்ல மிஸ். சோறு இறங்குதில்ல.

உந்தக் கட்டுக்க போஸ்ட்மோட்டம் இருக்கோ? மூண்டாம் பக்கத்தை எடுங்கோ. கீழ. நெஞ்சில்ல, முதுகு எண்டு போட்டிருக்கிற இடம். வாசியுங்கோ.

ஓம். வலது தோள்பட்டைக்குக் கீழ, பழைய உலோகத் துண்டு. எல்லாரும் ஒன்பதையும் இருபத்திரண்டையும் பாத்ததில அதை ஒருத்தரும் பாக்கேல்ல. செல் குண்டுத் துண்டு மிஸ். கடைசிச் சண்டையில சனத்தோட சனமா ஓடேக்க பட்டது. எங்கட பக்கத்தில எத்தினை பேர் உதைச் சுமந்துகொண்டு திரியினம், ஆர் கணக்கெடுத்தது? ஆனா அண்ணைக்கு அது வலியை விடப் பெரிய பயம். முகாமில ஆமிக்காரர் நாலு நாள் தனிய இருத்தி வச்சுக் கேட்டவை, இந்தக் காயம் எப்பிடி வந்தது, நீ ஆரோட நிண்டனி எண்டு. அவர் ஒருத்தரோடயும் நிக்கேல்ல. வயலைத் தவிர ஒண்டும் தெரியாத மனுசன். அண்டைக்கு விட்டாப்பிறகு, வாய்க்காலில குளிக்கேக்க கூட சேட்டைக் கழட்டமாட்டார்.

கொழும்பில அந்த ஃபோமில ஒரு கேள்வி கிடந்தது. உடம்புக்க இரும்பு ஏதும் இருக்கோ? நேர்ஸ் வந்து வாயாலயும் கேட்டவ. இருந்தா ஒளிக்காதேங்கோ, காந்தம் இழுக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டு வேற வழி செய்யலாம் எண்டு தன்மையாத்தான் சொன்னவ. எக்ஸ்ரே எடுத்தாத் துண்டு தெரியும். தெரிஞ்சா எழுதுவினம். எழுதினா எப்பிடி வந்ததெண்டு ஆரோ ஒருத்தன் கேப்பான். அண்ணை அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பி வாசிச்சார். பதினைஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு மிஸ், இப்ப ஆரும் கேக்கமாட்டினம் எண்டு நீங்கள் சொல்லுவியள். பட்டவனுக்குத்தான் தெரியும். இல்லை எண்டு கோடு கீறிப்போட்டு, வா தம்பி வீட்ட போவம் எண்டார். வீட்ட போனா விதைப்பு இல்ல. நான்தான் சொன்னனான், ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், எனக்கில்லாதது உனக்கேன் இருக்கப்போகுது எண்டு. அவற்ர அடையாள அட்டையில இருக்கிறது இருவது வருசத்துக்கு முந்தின முகம். அது அவரெண்டும் சொல்லலாம், நானெண்டும் சொல்லலாம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சும்மாவே சொன்னவை? அந்தப் பேசாலைப் பிள்ளையை வீட்டில இருத்தியாச்சு. கொம்பியூட்டரைக் குற்றவாளி ஆக்கியாச்சு. அது எப்பவும் சரி சொல்லும் எண்டு நான் சொல்ல வரேல்ல, அது உங்கட பாடு, நீங்கள் சோதிச்சுப் பாருங்கோ. எனக்கு அண்டைய நாளை மட்டும்தான் தெரியும்.

அண்ணி, எவ்வளவு நேரமா உதில நிக்கிறியள்? தேத்தண்ணியைக் கீழ வையுங்கோ, கை சுடும். நல்லது, நீங்களும் கேளுங்கோ. பேந்து என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, இந்த வீட்டுப் படி ஏறாத எண்டாலும் ஏறமாட்டன். யதுவை மட்டும் வெள்ளிக்கிழமை கொண்டுபோங்கோ. அந்த மெசின் அண்ணையைப் பாக்கவே இல்ல, அண்ணி. நேர்ஸ் வந்து நிரூபன் எண்டு கூப்பிடேக்க எழும்பிப் போனது நான். டொக்ரர் குழல் வச்சதும் என்ர நெஞ்சிலதான். நீங்கள் சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிருக்கிற கடதாசியில ஒரு பிழையும் இல்ல. எனக்கு ஒரு குறையுமில்லையாம்.