மாமா சாப்பிட்ட காலிஃபிளவர் பீட்சா

காலிஃபிளவரைத் துருவியதும் துணியில் கட்டித் தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும் மேடம். இல்லாவிட்டால் பீட்சா அடி கொழகொழத்துப் போகும். பலரும் சொதப்புவது அங்கேதான். பிழிந்துவிட்டால் மீதி சட்டென்று முடிகிற வேலை. முட்டை, துருவிய சீஸ், மேலே பாலக்கோட்டுத் தக்காளியின் விழுது. இத்தாலிக்காரர்கள் போடும் இலைக்குப் பென்னாகரத்தில் எங்கே போவது? வேலியோரத் திருநீற்றுப் பச்சிலை போதும், மணம் தூக்கும். சுரைக்காயை நாடா நாடாவாகச் சீவினால் அதுவே பாஸ்தா.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்கள் கேட்பது என் மாமனாரைப் பற்றி. சொல்கிறேன்.

சென்னப்பன் மாமா களி தின்றே வளர்ந்தவர். சர்க்கரை ஏறி ஊசிக்கு வந்த பிறகும் களியை விடவில்லை. அப்போதுதான் நான் போனில் சமையல் வீடியோ போட ஆரம்பித்திருந்தேன். வேலையற்ற வேலை என்று என் கணவர் மாதேஷ் சிரித்தார். மாமாதான் போன் நிற்க ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தார். என் மருமகள் சமையலை ஊரே பார்க்கிறது என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டார். நான் சொன்னேன் என்பதற்காகக் களியையும் சோற்றையும் விட்டு, பொக்கை வாயால் சுரைக்காய் பாஸ்தாவை உறிஞ்சித் தின்றார். நன்றாக இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலையில் அவர் விரலில் குத்தி, மெஷின் காட்டும் எண்ணை வீடியோவில் போடுவேன். எண் இறங்க இறங்கப் பார்ப்பவர்கள் கூடினார்கள். காரிமங்கலத்துப் பெண் ஒருத்தி, என் அப்பாவுக்கும் இதையே செய்து கொடுக்கிறேன் அக்கா என்று எழுதினாள். ஊசி போடுகிறாரா என்று இன்னொருத்தி கேட்டாள். அதெல்லாம் நிறுத்தியாச்சு, சாப்பாடு மட்டும்தான் என்றேன். நிறுத்தவில்லை. பழைய அளவிலேயே நான்தான் போட்டுவந்தேன்.

டாக்டர் சொல்லியிருந்தார். களியும் சோறும் குறைந்தால் ஊசியும் குறைய வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து, சாப்பாட்டை மாற்றினால் உடனே கூட்டிவந்து காட்டுங்கள் என்றார். மாமா அப்போது வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை, மாதேஷிடமும் சொல்லவில்லை. ஊசியைக் குறைத்து எண் ஏறிவிட்டால் அத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. களி ஏக்கம் மாமா, போகப் போகப் பழகிவிடும் என்றேன். நானே அதைப் பாதி நம்பினேன். நடுக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார். துவைக்க எடுத்தபோது அதையும் குப்பையில் போட்டேன்.

அன்று மதியம் நேரலை. மாமாவுக்கு ஊசி போட்டு, போனுக்கு முன்னால் உட்காரவைத்தேன். பீட்சா வெந்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பேர் சேரட்டும் என்று பேச்சை இழுத்தேன். மாமா சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"சோபனா, கண்ணக் கட்டுது. ஒரு வாய் சக்கரை குடும்மா."

நான் போனைப் பார்த்துச் சிரித்தேன். "பாருங்க, எங்க மாமனாரு கொழந்தையாட்டம் அடம் புடிக்கிறாரு. எங்க வூட்ல சக்கரையே கெடையாதுங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. நாலு பேர் பார்க்க என்னைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அவரும் சிரிக்கப் பார்த்தார். ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தேன். அது நழுவியது, அவரும் சரிந்தார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீட்டில் சர்க்கரை இருந்தது மேடம், என் காபிக்கு. கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால், நான் நின்ற இடத்திலிருந்து கை எட்டும். அவர் கேட்டபோதே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார், அது எனக்கு அப்போதே தெரியும். எடுத்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அதனால் எடுக்கவில்லை. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

மாதேஷ் என்னோடு பேசுவதில்லை. அந்த வீடியோவை அழி என்று மட்டும் சொன்னார். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். மாமா இருந்திருந்தால் ரொம்பப் பெருமைப்பட்டிருப்பார்.